தாழி சொன்ன சேதி

சக்குபள்ளம் பகுதியில் ஏலத் தோட்டங்கள் அதிகம். ஏலம் நட மண்ணில் குழி வெட்டுவார்கள். அப்படி வெட்டும்போது பழைய பானை ஒன்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

"உள்ளே தங்கம் இருக்கும்" என்று சிலர் உடைப்பார்கள். தங்கம் இருக்காது. எலும்பும் மண்ணும் இருக்கும். "பேய்ப் பானை" என்று தூக்கி எறிவார்கள்.

அது பேய்ப் பானை அல்ல. அதன் பெயர் முதுமக்கள் தாழி. இறந்தவரை அதில் வைத்துப் புதைத்தார்கள் நம் முன்னோர்.

தாமிரபரணி ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சுமார் 114 ஏக்கர் மேட்டு நிலம் முழுவதும் முன்னோரின் இடுகாடு. 1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகர் என்பவர் அங்கே தோண்டினார். கிடைத்த பொருள்களைப் பெர்லின் நகருக்குக் கொண்டு போனார்.

பிறகு தொல்பொருள் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ வந்தார். 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டினார். தாழிகளில் என்ன இருந்தது என்று எழுதி வைத்தார். பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்திற்குச் சென்றன. அவற்றின் பட்டியல் 1915-இல் புத்தகமாக வந்தது.

என்னென்ன கிடைத்தன? மெல்லிய தங்க நெற்றிப் பட்டங்கள் கிடைத்தன. இரும்பு வாள்களும் மண்வெட்டிகளும் கிடைத்தன. எருமை, சேவல் உருவங்கள் வெண்கலத்தில் கிடைத்தன. சில பானைகளில் நெல் உமி இருந்தது.

உமிக்கு விலை இல்லை. ஆனால் உமிதான் பெரிய சேதி சொன்னது. அந்த மக்கள் நெல்லை அறிந்தவர்கள். மண்வெட்டி சொன்னது: அவர்கள் மண்ணைக் கொத்திப் பாடுபட்டவர்கள், நம்மைப் போல.

2004-இல் அங்கே மீண்டும் தோண்டினார்கள். கிடைத்தவற்றைச் சோதித்தார்கள். சில பொருள்களுக்கு வயது 2,500 ஆண்டுகளுக்கும் மேல் என்று தெரிந்தது.

நம் இடுக்கி மாவட்டத்தில் மறையூரில் முனியறைகள் உள்ளன. பெரிய கல் பலகைகளை நிறுத்தி, மேலே கல் மூடி வைத்திருக்கிறார்கள். அவையும் பழங்கால மக்கள் அமைத்தவை.

ராஜாக்களின் கதை கல்வெட்டில் இருக்கிறது. உழைத்தவர்களின் கதை மண்ணுக்குள் இருக்கிறது. பானையை உடைத்தால் அந்தக் கதையும் உடைந்து போகும். பிறகு யாராலும் அதைப் படிக்க முடியாது.

ஆகவே குழியில் தாழி தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். எதையும் எடுக்காதீர்கள். இடம் மாற்றாதீர்கள். வில்லேஜ் ஆபீசில் சொல்லுங்கள். மண்ணை முதலில் பார்ப்பது மண்வெட்டி பிடித்த கைதான். காப்பாற்ற வேண்டியதும் அந்தக் கைதான்.

விடை சொல்லுங்கள்

1. அலெக்சாண்டர் ரீ எந்த ஊரில் தோண்டினார்?
2. நெல் உமி என்ன சேதி சொன்னது?
3. உங்கள் ஊரில் பழைய பானை, கல்லறை பார்த்தவர் உண்டா? கேட்டு எழுதுங்கள்.