கருவிழிப் புண்ணும் இரண்டு மருந்துகளும்

தை பிறந்ததும் நெற்களங்களில் வேலை மிகும். கதிர்க்கட்டுகளை அடிப்போரும், காற்றின் போக்கறிந்து முறத்தால் நெல்லைத் தூற்றுவோரும், வைக்கோலை உதறிப் போராக அடுக்குவோருமாகக் களம் முழுதும் மக்கள் நிறைந்திருப்பர். அறுக்கவும் அடிக்கவும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும் தூசும் பதரும் குறைந்தபாடில்லை. பறந்து வரும் உமியோ சுனையோ கண்ணில் விழுவது அங்குப் புதிதன்று. விழுந்தவுடன் கண்ணைக் கசக்குவர். தலைப்பின் நுனியால் துடைப்பர். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ பச்சிலைச் சாறோ பிழிந்து விடுவாரும் உண்டு. மாலையில் கண் சிவந்திருக்கும். ஆயினும், மறுநாட் கூலியைக் கண்வலிக்காக இழக்க எவர்க்கும் மனம் வாராது. சில நாள் கழித்துக் கருவிழியின்மேல் குருணையளவு வெண்மை ஒன்று தோன்றும். வெளிச்சத்தைக் கண்டாற் கூசும். இரவில் உறக்கம் வாராது. அதன் பின்னரே மருத்துவமனையை நாடிப் புறப்படுவர்.

அவ்வெண்மைதான் கருவிழிப் புண். அதன் கொடுமையை உணர வேண்டுமாயின், கருவிழியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் முகத்தை மூடிய கண்ணாடி போல, ஒளியை உள்ளே விடும் படலம் ஒன்று உண்டு. மருத்துவர் அதனைக் கார்னியா என்பர். மக்கள் அதனையும் சேர்த்துக் கருவிழி என்றே வழங்குவர். உண்மையில் அப்படலத்துக்குக் கருமை இல்லை, எந்நிறமும் இல்லை. பின்னால் அமைந்த பகுதிகளின் கருமையே அதனூடே தோன்றுகின்றது. வழக்கில் நிலைத்த பெயரை மாற்றுவதற்கில்லை. பொருளை மட்டும் தெளிந்து கொண்டாற் போதும்.

இப்படலத்தின் தடிப்பு நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. இதில் குருதிக்குழாய்கள் இல்லை. கண்ணீரும், கண்ணின் உள்ளே நிற்கும் தெளிநீரும் இதற்கு ஊட்டம் அளிக்கின்றன. பிராணவாயுவை இது பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே பெறுகின்றது. குருதிக்குழாய்கள் இல்லாமையால்தான் இது பளிங்கு போல் தெளிந்திருக்கின்றது. ஆனால், கிருமிகள் புகுந்த காலத்தில் அதுவே குறையாகின்றது. கையிலோ காலிலோ புண் உண்டானால், குருதியின் வழியே வெள்ளணுக்கள் விரைந்து வந்து கிருமிகளை எதிர்க்கும். கருவிழிக்கு அவ்வுதவி எளிதிற் கிட்டுவதில்லை. காலிற் பட்ட புண் ஆறித் தழும்பானால் நடைக்குக் கேடில்லை. கருவிழியின் நடுவில் ஒரு சிறு தழும்பு விழுந்தாலோ, எதிரில் நிற்பார் முகமும் புகைபடிந்தாற்போல் ஆகிவிடும். ஆதலால் புண்ணை ஆற்றுவதோடு மருத்துவன் கடமை முடிவதில்லை. தழும்பு சிறுத்துப் பார்வை எஞ்சும்படியும் அவன் செய்தல் வேண்டும்.

இந்நோய் எத்துணைப் பேரைத் தாக்குகின்றது? 1993 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் இலட்சம் பேருள் 113 பேருக்குக் கருவிழிப் புண் கண்டதாகக் கணக்கிட்டனர். 1994 ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் 434 பேர் இந்நோயோடு மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்கு வந்தனர். அவருள் 284 பேர், முன்னரே கண்ணில் ஏதோ ஒன்று பட்டுக் காயமுற்றவர். பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர். கிருமி இன்னதென்று கண்டறியப்பட்ட புண்களுள், பாக்டீரியாவால் வந்தவையும் பூஞ்சையால் வந்தவையும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. குளிர்நாடுகளில் பூஞ்சையால் வரும் கண்புண் அரிது. வெப்பமும் ஈரமும் மிக்க உழவு நாடுகளில் அது பெருகி நிற்கின்றது. பழைய சோற்றிலும் ஈரச் சுவரிலும் படரும் பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே இவை. இவற்றுள் முதன்மையானது பியூசேரியம் என்பது. மண்ணிலும் பயிரிலும் வாழும் இப்பூஞ்சை, உமியின்மேல் ஏறி வந்து கண்ணிற் குடிபுகுகின்றது. அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ் என்பது.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் பல. பூஞ்சையைக் கொல்லும் கண்மருந்துகள் மிகச் சில. அவற்றுள் பழையது நேட்டமைசின். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து 1950களில் இது பிரித்தெடுக்கப்பட்டது. நாட்டின் பெயரே மருந்துக்கும் ஆயிற்று. பூஞ்சையை வளர்க்கும் மண்ணிலேயே அதற்கு மாற்றும் கிடைத்தது வியப்புக்குரியது. ஆயினும் இம்மருந்துக்கு ஒரு குறை உண்டு. இது நீரிற் கரைவதில்லை. கலங்கல் நீராகவே கண்ணில் விடப்படும். கருவிழியின் உள்ளடுக்குகளுக்குள் இது நன்கு இறங்குவதில்லை என்று மருத்துவர் எண்ணினர்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோரிகோனசோல் என்னும் புதுமருந்து வந்தது. உடலின் உட்பகுதிகளைத் தாக்கும் பூஞ்சை நோய்களுக்கென்றே முதலில் செய்யப்பட்ட மருந்து அது. சோதனைக் குழாயில் பலவகைப் பூஞ்சைகளை அடக்கியது. கண்ணுக்குள் எளிதில் ஊடுருவியது. விலையோ மிகுதி. மருத்துவர் பலர் புதியதே சிறந்ததாக இருக்கும் என்று கருதினர். புதியது, விலை உயர்ந்தது, ஆழச் செல்வது என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்தால் எவர்க்கும் அவ்வாறுதான் தோன்றும். ஆனால், தோன்றுவது வேறு, கண்டறிவது வேறு அன்றோ? களத்து உமியாற் கண் கெட்டவன் ஒருவனுக்கு எந்த மருந்தை எழுதித் தருவது என்னும் வினாவுக்கு, அன்று உறுதியான விடை உலகில் எவரிடத்தும் இல்லை.

அவ்விடையைத் தேடும் பணி மதுரையில் நிகழ்ந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அதற்குள் பல கிளைகள் விட்டுப் பெரிதாக வளர்ந்திருந்தது. இளமையில் மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், அக்கைகளைக் கொண்டே கண் அறுவையைப் பயின்றவர் அவர். அம்மருத்துவமனையினரும், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள பிராக்டர் ஆய்வு நிலையத்தாரும் கூடி இவ்வாய்வை நடத்தினர். வெங்கடேஷ் பிரஜ்னா, தாமஸ் லீட்மன் ஆகியோர் இதனை முன்னின்று நடத்தியவர். அவர்கள் முதலில் 120 நோயாளரிடம் சிற்றளவில் ஒரு சோதனை செய்து, 2010 இல் அதன் முடிவை வெளியிட்டனர். புதுமருந்து சற்றே மேம்பட்டது போலத் தோன்றிற்று. ஆனால், அச்சிறு வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணக்குக் காட்டியது. ஆகவே, பெரிய ஆய்வு ஒன்று தேவையாயிற்று.

2010 ஏப்பிரலில் அது தொடங்கியது. புண்ணின் மேற்பரப்பைச் சிறிது சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியிற் பார்த்துப் பூஞ்சை உண்டென்று உறுதிப்பட்டவரையே சேர்த்தனர். இவருக்கு இம்மருந்து, அவருக்கு அம்மருந்து என்று மருத்துவர் தாமே முடிவு செய்யவில்லை. அவ்வாறு செய்திருந்தால், நோய் முற்றியவர்க்கெல்லாம் தாம் நம்பிய மருந்தையே அறியாமல் அளித்திருப்பர். பின்னர் எண்ணிப் பார்த்தால் நல்ல மருந்தும் தீயதாகத் தோன்றியிருக்கும். ஆதலால், யாருக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விட்டனர். பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தபோது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஒருவர் விருப்பும் வெறுப்பும் புகாமைக்கென்று செய்த ஏற்பாடு அது. இங்குக் குடமும் ஓலையும் இல்லை. கணிப்பொறி வகுத்த பட்டியல் இருந்தது. நோக்கம் ஒன்றே. மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தவருக்கும், எதிரில் அமர்ந்திருப்பவர் எம்மருந்து பெற்றவர் என்பது தெரியாது. எழுத்தறியாதவரும் திசையைக் கைகாட்டிச் சொல்லத்தக்க குறிகள் பலகையில் வரிவரியாக இருந்தன.

இங்கு ஓர் ஐயம் எழலாம். துன்புற்று வந்தவன் கண்ணைக் குலுக்கலுக்கு விடுதல் அறமாகுமா? இரண்டில் நல்லது இதுவென்று மருத்துவன் அறிந்திருந்தும் அவ்வாறு செய்திருப்பானாயின், அஃது அறமன்று, பெருங்குற்றமாம். இங்கு எவரும் அறிந்திலர். இரண்டுமே மருத்துவர் அந்நாளில் கொடுத்து வந்த மருந்துகள். குலுக்கல் இல்லாவிடினும் நோயாளி ஏதோ ஒன்றைப் பெற்றுத்தான் இருப்பான்; ஆனால், அவனுக்கு நேர்ந்ததைக் கொண்டு அடுத்தவன் பயன்பெற வழி இராது. நோயாளர்க்கு அனைத்தையும் விளக்கி, அவர்கள் இசைவு பெற்ற பின்னரே சேர்த்தனர். அன்றியும், ஆய்வாளரினின்று வேறுபட்ட கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்து, இடையிடையே கணக்கைப் பார்த்து வர ஏற்பாடு செய்திருந்தனர்.

அக்குழுவின் தேவை விரைவில் விளங்கிற்று. 368 பேரைச் சேர்ப்பது என்பது முதலிற் கொண்ட திட்டம். 323 பேர் சேர்ந்த அளவில் சேர்க்கை நிறுத்தப்பட்டது. வோரிகோனசோல் பெற்றவருள் கருவிழி பொத்துப்போனவர் தொகை மிகுந்து வருவதைக் குழு கண்டதே காரணம். கருவிழி பொத்தால் உள்நீர் வெளியேறும். கண்ணையே இழக்க நேரும். அதனைக் காக்க, இறந்தோர் தானமாக அளித்த கண்ணிலிருந்து படலத்தை எடுத்து ஒட்ட வேண்டும். இவ்வொட்டு அறுவையை 1905 இல் ஓலோமௌட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்பவர் முதன்முதலில் வெற்றி பெறச் செய்தார். சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த தொழிலாளி ஒருவர் அதனாற் பார்வை பெற்றார். ஆனால், தானமாக வரும் கண்கள் வேண்டுமளவு கிடைப்பதில்லை. புண் கொதித்து நிற்கும்போது ஒட்டும் படலம் தெளிவாக நிலைப்பதும் அரிது.

முடிவு 2013 இல் வெளியாயிற்று. பழைய நேட்டமைசினே வென்றது. அதனைப் பெற்றவர் மூன்று மாதம் கழித்துப் பலகையில் ஏறத்தாழ இரண்டு வரி கூடுதலாகக் கண்டனர். கருவிழி பொத்துப்போனதும், ஒட்டு அறுவை நேர்ந்ததும் அவருள் மிகக் குறைவு. பியூசேரியத்தால் நோயுற்றவரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது வேற்றுமை நான்கு வரியாக விரிந்தது. ஏனைய பூஞ்சைகளால் நோயுற்றவரிடத்து இரு மருந்துக்கும் வேற்றுமை இல்லை எனலாம். நான்கு வரி என்பது சிறிதாகத் தோன்றலாம். நாற்று நட வரிசை தெரிவதும் தெரியாததும், பேருந்தின் பலகையைப் படிப்பதும் படிக்க இயலாததும் அந்நான்கு வரிக்குள் அடங்கும்.

ஆழ ஊடுருவும் மருந்தே நல்லது என்னும் கருத்து இவ்வாறு தளர்ந்தது. ஆய்வாளர் ஓய்ந்திலர். கண்ணில் விடும் மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் விழுங்கச் செய்தால், கடுமையான புண்கள் ஆறுமோ என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் ஆராய்ந்தனர். இவ்வாய்வு நடந்துகொண்டிருந்த போதே முன்னைய ஆய்வின் முடிவு தெரிந்தமையால், இதிற் சேர்ந்தவர்க்கும் நேட்டமைசின் துளியைச் சேர்த்து அளிக்கத் தொடங்கினர். மாத்திரையால் மொத்தத்தில் பயன் இல்லை. கல்லீரலுக்குத் தொல்லை போன்ற பக்க விளைவுகளே மிகுந்தன என்று 2016 இல் அறிவித்தனர். 2017 இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் நேட்டமைசினைச் சேர்த்தது. பழைய மருந்தாயினும் எல்லா ஊர்களிலும் அது கிடைப்பதில்லை என்பதே அப்பட்டியலுக்குத் தேவையை உண்டாக்கியது.

மருந்து நல்லதாயினும், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை துளியிடல் வேண்டும்; வாரக்கணக்கில் இடல் வேண்டும். கூலிக்குச் செல்லும் குடும்பத்தில் ஒருவர் அதற்கென்றே வீட்டில் அமர வேண்டியதாகும். ஆதலால், புண் வந்தபின் ஆற்றுவதினும் வாராமற் காப்பதே மேல் என்று எண்ணியோர் பலர். நேபாளத்துப் பக்தபூரில், கண்ணிற் கீறல் உற்றவரை ஊர்ப்பணியாளர் உடனே தேடிக் குளோரம்பெனிக்கால் என்னும் களிம்பை மூன்று நாள் இட்டு வந்தனர். 2001 இல் வெளியான அவ்வாய்வில், 442 கீறல்களுள் நூற்றுக்கு 96 கிருமித் தொற்றின்றி ஆறின. காயமுற்ற 18 மணிநேரத்துக்குள் களிம்பிடப் பெற்றவருள் ஒருவர்க்கும் புண் வரவில்லை. கேட்டவர் அனைவரும் மகிழ்ந்தனர்.

எனினும், அவ்வூர்களோடு ஒப்பிடக் களிம்பிடாத ஊர்கள் அதில் இல்லை. கீறல் தானாகவே ஆறியிருக்குமோ என்னும் வினா எஞ்சி நின்றது. எனவே நேபாளத்தில் 24 ஊர்த்தொகுதிகளைக் குலுக்கலால் இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் மட்டும் ஊர்ப்பெண் தொண்டர்கள் களிம்பு வழங்குமாறு செய்து மூன்றாண்டு பார்த்தனர். களிம்பு வழங்கிய ஊர்களிலும் வழங்காத ஊர்களிலும் கருவிழிப் புண் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உண்டாயிற்று. பல்லாண்டு உழைத்த ஆய்வாளர், தாம் விரும்பிய விடை அதுவன்றாயினும், 2022 இல் அதனை உள்ளவாறே அச்சிட்டனர்.