நதிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

ஜபல்பூரில் இருக்கும் நம்மவர் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் பேடாகாட்டில் உள்ள துவாந்தார் அருவி. புகையாய் எழும் தாரை என்பது அந்த இந்திப் பெயரின் பொருள். காவிரியின் ஒகேனக்கல்லுக்கும் கன்னடத்தில் 'புகையும் கல்' என்றே பொருள். இரு நதிகளின் கரையிலும் மக்களுக்குத் தோன்றியது ஒரே உவமைதான்.

ஆனால் நம் காமிராவில் அந்தப் புகை வருவதில்லை. வெயிலில் ஷட்டர் 1/125 வினாடியே திறப்பதால் ஒவ்வொரு துளியும் கண்ணாடிச் சில்லுபோல் உறைந்துவிடுகிறது. ஷட்டரை அரை வினாடி, ஒரு வினாடி என்று திறந்து வைத்தால் துளிகள் இழையும். ஆனால் வெளிச்சம் மிகுந்து படம் வெளுத்துப்போகும். இதற்காக லென்ஸின் முன் திருகும் கறுப்புக் கண்ணாடிதான் என்.டி. பில்டர். சமீபத்தில் 10 ஸ்டாப் பில்டர் ஒன்று வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே 6 ஸ்டாப் ஒன்று உண்டு.

கணக்கு எளிது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரத்தை இரட்டிக்க வேண்டும். 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு. 10 ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. பில்டர் இல்லாமல் 1/125 வினாடி என்றால் முன்னதில் அரை வினாடி, பின்னதில் 8 வினாடி.

பெட்டியில் அச்சிட்டதை அப்படியே நம்புவது ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்குப் பழக்கமில்லை. எனவே நிழலில் இருந்த வெள்ளைச் சுவரை முதலில் பில்டர் இல்லாமல் 1/60 வினாடியில் எடுத்தேன். பில்டரைப் போட்டுக் கணக்குப்படி 16 வினாடி. படம் சற்றே இருண்டது. 20 வினாடியில்தான் இரண்டு படங்களின் ஹிஸ்டோகிராமும் ஒத்துப்போயின. அதாவது, கண்ணாடி ஏறக்குறைய மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல் இருட்டு. சுவரில் லேசான பழுப்புச் சாயமும் தெரிந்தது. ஒயிட் பாலன்ஸை மாற்றினால் போய்விடும். புதிதாக வாங்குபவர்கள் ஆற்றங்கரைக்குப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. பத்து நிமிட வேலை.

அருவியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11. 10 ஸ்டாப்பில் 10 வினாடி எடுத்த படத்தில் அருவி முழுவதும் ஒரே வெள்ளைத் துணி. விழும் வேகமும் இல்லை, ஆழமும் இல்லை. 6 ஸ்டாப்பில் அரை வினாடியில் தண்ணீர் இழை இழையாகப் பிரிந்து, கீழே புகை எழுவது தெரிந்தது. நேரில் காண்பது அதைத்தான். வேகமாக ஓடும் நீருக்குக் குறைந்த நேரமே போதும். இருட்டான பில்டரே உயர்ந்த பில்டர் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

10 ஸ்டாப்புக்கும் இடம் உண்டு. குவாரிகாட்டில் நதி அகன்று மெதுவாக ஓடுகிறது. காலையில் ஒரு நிமிடம் திறந்து வைத்தேன். அலை அடங்கி நீர் பளிங்குத் தரையானது. ஆனால் எதிரே துடுப்புப் போட்டுச் சென்ற படகு மறைந்துவிட்டது. முங்கிக் குளித்தவர்கள் பனிப்படலமானார்கள். கட்டியிருந்த படகுகள்கூட ஆடியதில் கலங்கிவிட்டன. படம் அழகுதான். ஆனாலும் ஆளில்லாத நர்மதை படித்துறையை நான் பார்த்ததே இல்லை. ஆகவே, அதே இடத்தில் பில்டரைக் கழற்றிச் சாதாரணப் படம் ஒன்றும் எடுத்து, இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். மாலை ஆரத்திக்குப் பில்டரே வேண்டாம். மங்கிய வெளிச்சமே நேரத்தை நீட்டித் தரும், மிதக்கும் தீபங்கள் கோடுகளாகும்.

சில நடைமுறைக் குறிப்புகள். போகஸ் செய்து அதைப் பூட்டிய பிறகே பில்டரைத் திருக வேண்டும். 10 ஸ்டாப்பைப் போட்டபின் வியூபைண்டரில் ஒன்றும் தெரியாது. எஸ்.எல்.ஆர். காமிராவானால் வியூபைண்டரை மூடிவிடுங்கள், பின்னாலிருந்து வெளிச்சம் புகும். ட்ரைபாட் கட்டாயம், பட்டனை விரலால் அழுத்தாமல் 2 வினாடி டைமரை வையுங்கள். 30 வினாடிக்கு மேல் பல்ப் மோடும் ரிமோட்டும் தேவை. சலவைக்கல் பாறைகளுக்கிடையே படகில் போகும்போது பில்டரைப் பையிலேயே வைத்திருங்கள். ஆடும் படகில் ட்ரைபாட் இருந்தும் பயனில்லை.

மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் அருவியே மூழ்கிவிடும், படகும் ஓடாது. மழை முடிந்து நீர் வடிந்தபின், வெயில் ஏறுமுன் போங்கள். சாரல் பில்டரில் படிந்துகொண்டே இருக்கும். உலர்ந்த பருத்தித் துணி இரண்டாவது எடுத்துச் செல்லுங்கள்.