ஆட்டுப்பட்டியும் நாய்க்கூட்டமும்

திருவாண்டார்கோயில் பக்கம் செந்நாய் கிடையாது. இங்கே ஆடுகளைக் குதறுவன தெருநாய்களே. எனினும் கூட்டவேட்டை எப்படி நடக்கிறது என்பதைச் செந்நாயிடமிருந்துதான் தெளிவாக அறியலாம்.

நாங்குநேரியைச் சேர்ந்த விஞ்ஞானி ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூர் காட்டில் செந்நாய்களை ஆராய்ந்தார். செந்நாயின் எடை சுமார் 15 கிலோ. புள்ளிமானோ அதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே சில நாய்கள் வரிசையாகப் புதரைக் கலைக்கும். மற்றவை காட்டோரம் காத்திருந்து, வெளிவரும் மானை மறிக்கும். பிரிந்த நாய்கள் சீழ்க்கை ஒலியால் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும்.

தெருநாய்க்கு இவ்வளவு ஒழுங்கு ஏது? ஒன்று துரத்தினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். பசி அடங்கினாலும் நிற்காது. மிரண்டு ஓடும் ஆட்டையெல்லாம் கடிக்கும். முழங்கால் உயரப் படலுக்குள் அடைபட்ட ஆடுகள் தப்ப வழியின்றி ஒரே இரவில் பல மடிவது இதனால்தான்.

படலை ஆள் மார்பளவுக்கு மேல் உயர்த்தி, நாய் பறித்து நுழையாதவாறு அடியில் கல் பதிக்க வேண்டும். குட்டிகளை இரவில் மூடிய கொட்டிலில் அடைப்பது நலம். செத்த ஆட்டையும் கோழிக் கழிவையும் வெளியே எறிவது நாய்க்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். ஆழக் குழிதோண்டிப் புதைக்கவும். விஷம் வைப்பது குற்றம். வளர்ப்புப் பிராணிகளும் சாகும்.

ஆடு கடிபட்டால் வெறுங்கையால் புண்ணைத் தொடலாகாது. கையுறை அணிந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கவும். ஒரு ஊசியோடு நிறுத்தாமல், மருத்துவர் குறித்த நாள்களில் எல்லாத் தவணையும் போடவேண்டும்.