பின்சீட்டுக்கு அடியில் ரைஃபிள்

"அண்ணா, கிரீன் கார்டு வந்துவிட்டது. ஹூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் 15 ஏக்கர் வாங்கியிருக்கிறேன். காட்டுப்பன்றிகள் ராத்திரியில் வந்து நிலத்தை உழுதுபோட்டுவிட்டுப் போகின்றன. ரைஃபிள் ஒன்று வாங்கினேன். வாராவாரம் போய்வருவதால் பிக்கப்பின் பின்சீட்டுக்கு அடியிலேயே அதை விட்டுவைக்கலாமா? டெக்சாஸில் எல்லாரும் அப்படித்தான் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். ரைஃபிளுக்குப் பதில் ஷாட்கன் வாங்கியிருக்க வேண்டுமோ என்றும் ஒரு சந்தேகம்."

பக்கத்து நிலத்துக்காரர் பொய் சொல்லவில்லை. நீளத் துப்பாக்கியைச் சொந்த வண்டியில் வைத்துக்கொள்ள டெக்சாஸில் தனி உரிமம் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் பிக்கப்பின் பின்கண்ணாடியில் ரேக் மாட்டி, ஊரார் பார்க்கவே துப்பாக்கியோடு ஓட்டிப்போவார்கள். தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமமும் தேவையில்லை. ஆனாலும் என் பதில் இதுதான்: நிலத்துக்குப் போகும்போது எடுத்துப்போங்கள், திரும்பியதும் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டுங்கள். வண்டியிலேயே குடிவைக்காதீர்கள்.

முதல் காரணம் நம் ஆட்கள்தான். பிக்கப் வைத்திருப்பவனிடம் எல்லாரும் வண்டி இரவல் கேட்பார்கள். வீடு மாற்ற வேண்டும், சோபா எடுத்துவர வேண்டும், பொங்கல் விழாவுக்குப் பாத்திரம் ஏற்ற வேண்டும். கேட்கிறவர் பெரும்பாலும் எச்-1பி விசாவில் இருப்பார். அந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் வசம் துப்பாக்கியோ தோட்டாவோ இருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. ஏதாவது ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. சோபா எடுக்க வருகிறவர் அதை வாங்கி வைத்திருக்கப்போவதில்லை. 'வசம்' என்றால் கையில் பிடித்திருப்பது மட்டுமல்ல. பின்சீட்டுக்கு அடியில் இருப்பது தெரிந்தே ஓட்டிப்போனாலும் சிக்கல்தான். உங்கள் வீட்டிலேயே யாருக்காவது இன்னும் கிரீன் கார்டு வரவில்லை என்றால், அவர் காய்கறி வாங்க அந்த வண்டியை எடுக்கும் நாளையும் யோசித்துக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுக்குமுன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சிதறிக் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் கணக்கில் சேரும்.

இரண்டாவது, திருட்டு. இந்த நாட்டில் களவுபோகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு வண்டிகளிலிருந்தே போகிறது. பிக்கப்பின் கண்ணாடியை உடைக்கச் சில விநாடி போதும். கம்பெனிப் பார்க்கிங்கில் பூட்டிய சொந்த வண்டிக்குள் துப்பாக்கி வைப்பதை முதலாளி தடுக்க முடியாது என்று டெக்சாஸில் 2011 முதல் சட்டம் இருக்கிறது (சில ரசாயன ஆலைகள் போன்ற விலக்குகள் நீங்கலாக). சட்டம் முதலாளியைத்தான் தடுக்கும், திருடனையல்ல. துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். உள்ளே சரக்கு இருக்கிறது என்று போர்டு மாட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

வழியில் ஒரு மணி நேரம் சாப்பிட நிறுத்தத்தானே வேண்டும் என்பீர்கள். அதற்குப் பூட்டுள்ள கெட்டிப் பெட்டி ஒன்று வாங்கி, எஃகுக் கேபிளால் சீட்டின் இரும்புச் சட்டத்தோடு பிணையுங்கள். வீட்டிலேயே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஓட்டல் வாசலில் நாலு பேர் பார்க்க எடுத்து ஒளித்துவைப்பது வீண். உங்கள் ரைஃபிள் போல்ட் வகையானால் போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போல்ட் இல்லாத ரைஃபிளை வைத்துக்கொண்டு யாராலும் சுட முடியாது. துப்பாக்கியின் வரிசை எண்ணை வீட்டில் எழுதிவையுங்கள். திருட்டுப் புகாரில் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி, உயிர் சம்பந்தப்பட்டது. 2023 ஜனவரியில் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பிக்கப்பின் பின்பக்கம் வேட்டைச் சாமானும் ரைஃபிளும் கிடந்தன. கூடவே நாய். நாய் ரைஃபிளின் மேல் கால் வைத்தது, அது வெடித்தது, முன்சீட்டில் இருந்தவர் இறந்துபோனார். சேஃப்டி போட்டிருந்தால் போதாதா என்று கேட்காதீர்கள். பல பம்ப் ஷாட்கன்களில் சேஃப்டி விசையை மட்டும்தான் பூட்டும். உள்ளே இருக்கும் சுத்தியலைப் பூட்டாது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா இருக்க, துப்பாக்கி வேகமாகக் கீழே விழுந்தால் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே வண்டியில் ஏறுமுன், வெளியே நின்று, சேம்பரைத் திறந்து கண்ணால் பாருங்கள். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மேகசினைக் கழற்றித் தனியாக வையுங்கள். இறக்கும்போது குழலின் முனையைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுக்காதீர்கள். வேட்டை விபத்துகளில் இது பழைய கதை. விசை எதிலாவது மாட்டும், முனை இழுப்பவனின் வயிற்றைப் பார்த்தபடி இருக்கும்.

பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று. 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி லோடு செய்த துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். பிள்ளையைக் கூப்பிட நேராகப் பள்ளிக்குப் போகிறீர்களா? பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. லோடு இறக்கிப் பூட்டிய பெட்டியிலோ பூட்டிய ரேக்கிலோ இருந்தால் விலக்கு. பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த கைத்துப்பாக்கி உரிமம் இருந்தாலும் விலக்கு. 2021 முதல் உரிமமே வேண்டாம் என்று டெக்சாஸ் சொன்னதும் பலர் அதை வாங்காமல் விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மாநில எல்லை தாண்டினால் விதி மாறும். கொலராடோவில் வண்டிக்குள் நீளத் துப்பாக்கியின் சேம்பரில் தோட்டா இருக்கக் கூடாது. பென்சில்வேனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் லோடு செய்த நிலையே கூடாது. போகிற இடத்திலும் கிளம்புகிற இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால், நடுவிலுள்ள மாநிலங்களைக் கடக்க 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது: லோடு இறக்கியிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டக் கூடாது. பிக்கப்பில் தனி டிக்கி கிடையாது. அதனால் பூட்டிய பெட்டி கட்டாயம், முன்பக்க டாஷ்போர்டுப் பெட்டி கணக்கில் வராது. மெக்சிகோ பக்கம் போனால் இன்னும் கவனம். 2014 மார்ச்சில் ஒரு முன்னாள் மரீன் வீரர், வழி தவறி எல்லையைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். பிக்கப்பில் ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் மூன்றும் இருந்தன. திஹுவானாவில் பிடித்தார்கள், வெளியே வர ஏழு மாதம் ஆயிற்று.

போலீஸ் நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். வண்டிப் பத்திரத்தைத் துப்பாக்கிப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் நானும் சோம்பல்பட்டு, மெத்தை வைத்த துணி உறைக்குள் ரைஃபிளைப் போட்டு மே முதல் செப்டம்பர் வரை பின்சீட்டுக்குப் பின்னால் விட்டுவைத்தேன். வளைகுடாக் கரையின் ஈரக்காற்றை அந்த மெத்தை பஞ்சுபோல் குடித்து வைத்திருந்தது. உறையைத் திறந்தபோது குழலின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள்பொடி தூவியது போலத் துரு. பூட்டிய வண்டியின் சூட்டில் எண்ணெய் இளகி வழிந்துபோயிருந்தது. மண்பாதையில் ஆடி ஆடி ஸ்கோப்பின் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. 100 கஜத்தில் காகிதத்தில் சுட்டால் குண்டு ஒரு சாண் தள்ளிப் போனது. பன்றி மேல் அப்படிச் சுட்டிருந்தால் காயத்தோடு புதருக்குள் ஓடியிருக்கும், நான் டார்ச்சும் கையுமாகப் பின்னால் போயிருப்பேன்.

ஷாட்கன் பற்றி: பெரிய உருண்டைக் குண்டுகளோ, ஸ்லக் என்னும் ஒற்றைக் குண்டோ போட்டு 40 கஜத்துக்குள் பன்றியைச் சுடலாம். உங்களுடையது திறந்த நிலமானால், பன்றி அவ்வளவு கிட்டத்தில் நிற்காது. ரைஃபிளையே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை நிலத்துக்குப் போகும்போது, ஸ்கோப் இருந்தால் அதன் திருகுகளை மட்டும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.