கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி?

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும்போது காட்டுவதற்கென்றே இங்கே தனியாக ஒரு வருகைப் பதிவேடு உண்டு. செக்கிங் பிரிவுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை செய்தது, ராத்திரி பத்து மணி வரை நின்றது எதுவும் அதில் இருக்காது. போன ஆடிட்டின்போது, அந்தப் பதிவேடு சரி என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் தானியேலின் கதை சொல்லிக்கொடுக்கிறவன் நான். கன்வென்ஷனில் எழுந்து நின்று, கர்த்தருக்காக உறுதியாய் நிற்பேன் என்று ஒப்புக்கொடுத்தவன். நான் கையெழுத்துப் போடுவேன் என்று தேவனுக்கு முன்பே தெரியும் அல்லவா? அப்படியானால் அது என் சுயசித்தம் என்று எப்படிச் சொல்வது? 'இரட்சிக்கப்பட்டவன் இதைச் செய்யமாட்டான், உன் விசுவாசமே பொய்' என்கிறான் ஒரு நண்பன். 'வெறும் காகிதம்தானே, தேவன் இருதயத்தைத்தானே பார்க்கிறார்' என்கிறான் இன்னொருவன். அடுத்த ஆடிட் நெருங்குகிறது. வீட்டுக் கடன் வேறு இருக்கிறது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புத் தம்பி, உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். 'வெறும் காகிதம்தானே' என்ற பேச்சைத் திருச்சபை ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது. அதற்குக் கண்ணீரோடு பதிலும் சொல்லியிருக்கிறது.

249-ல் ரோமப் பேரரசராக வந்த டேசியஸ், குடிமக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை போட்டார். கிறிஸ்தவர், கிறிஸ்தவர் அல்லாதவர் எல்லோருக்கும் ஒரே ஆணைதான். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்து மணலில் பாப்பிரஸ் துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை 250-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் எழுதியவை. ஒன்றில் விண்ணப்பதாரர் எழுபத்திரண்டு வயது முதியவர். வலது புருவத்தில் தழும்பு இருப்பதை அடையாளமாகக் குறித்திருக்கிறார்கள். தான் எப்போதுமே தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்றும், இப்போதும் அதிகாரிகளின் கண்முன்னே பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததில் உண்டதாகவும், இதற்குச் சான்றளிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கீழே சாட்சிக் கையெழுத்து, தேதி. இன்றைய அலுவலகப் படிவத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரத்தில் கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டுவிட்டார்கள். வேறு சிலர் பலியிடவில்லை. அதிகாரிக்குப் பணம் கொடுத்து, பலியிட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிலைக்கு முன்னால் நாங்கள் நிற்கவே இல்லை, தூபம் போடவே இல்லை, எங்கள் இருதயம் கர்த்தரிடத்தில்தான் இருந்தது என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். உங்கள் நண்பர் சொல்வதும் இதே வாதம்தான். அந்நகரத்துப் பேராயர் சிப்பிரியான் இதை ஏற்கவில்லை. பலியிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் செய்யாததைச் செய்ததாக ஒரு காகிதம் சொல்லும்போது, அதைக் கையில் வைத்திருப்பவரும் அந்தப் பொய்யைச் சொல்கிறவர்தான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உங்கள் காகிதம் இன்னும் ஒரு படி மோசமானது, தம்பி. அந்தச் சான்றிதழ் வாங்கியவருடைய ஆத்துமாவைத்தான் காயப்படுத்தியது. உங்கள் பதிவேடு செக்கிங் பெண்களின் கூலியையும் தின்கிறது. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டு. வேலை செய்த மணி நேரமே காகிதத்தில் இல்லையென்றால் எதைக் காட்டி அவர்கள் கேட்பார்கள்?

இனி, அது உங்கள் தீர்மானம்தானா என்ற கேள்வி. அதே காலத்தில் கால்தோனியுஸ் என்ற ஆயர் சிப்பிரியானுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் போனா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். அவளைக் கணவனே பலிபீடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அவள் கைகளைப் பிடித்து, அந்தக் கைகளாலேயே பலியிட வைத்தார்கள். இதைச் செய்தது நான் இல்லை, நீங்கள்தான் என்று அவள் கத்தினாள். அவளை நாடு கடத்தினார்கள். அவள் மனமறிந்து செய்தது இல்லை அது என்றே கால்தோனியுஸ் எழுதுகிறார். கை அசைந்தது, சித்தம் அசையவில்லை. உங்கள் கையை யாரும் பிடிக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் நெருக்கியது உண்மை. பயம் மனிதனை நெருக்கும், ஆனால் பேனாவைத் தானாக நகர்த்தாது. இதைச் சொல்வது உங்களைக் குத்துவதற்காக இல்லை. செய்தது நீங்கள் என்றால்தான் மனந்திரும்பவும் உங்களால் முடியும். விதிதான் செய்தது என்றால் மனந்திரும்ப அங்கே ஆளே இல்லை.

தேவன் முன்னறிந்ததைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். சிப்பிரியானுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகஸ்தீன், சுயசித்தத்தைப் பற்றி 388-ல் எழுதத் தொடங்கிய நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். நேற்று நடந்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், அதனால் நேற்று அப்படி நடக்கும்படி நாம் கட்டாயப்படுத்தினோம் என்றாகுமா? தேவனின் முன்னறிவும் அப்படியே, நாளை நாம் செய்வதை அது கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார். இதையும் தாண்டி எராஸ்மஸ் 1524-லும், அவருக்கு மறுப்பாக லூத்தர் 1525-லும் பெரிய நூல்களே எழுதினார்கள். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. அது தீர்ந்த பிறகுதான் நேர்மையாக நடப்பேன் என்று காத்திருக்கத் தேவையில்லை. தன் சொந்த பலத்தில் யாரும் நிற்பதில்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. சிப்பிரியான் 251-ல், விழுந்துபோனவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆணை வந்த அன்றே சிலர் யாரும் பிடித்து இழுக்காமலே பொதுமன்றத்துக்கு ஓடினார்கள், மாலையாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும் இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள் என்று அதில் எழுதுகிறார். ஏன் இப்படி? அவர் கண்டுபிடித்த காரணம்: அவர்கள் அன்றைக்கு விழவில்லை. ஆண்டுக்கணக்கான சமாதான காலத்தில் சொத்து சேர்ப்பதிலேயே மனம் ஊறி, அந்தச் சொத்தே விலங்காக மாறியிருந்தது. ஓடித் தப்பியிருக்கலாம், ஆனால் சொத்து விடவில்லை. அகஸ்தீனும் தன் வாழ்க்கையை வைத்து இதையே சொல்கிறார். கோணலான விருப்பத்துக்கு இணங்க இணங்க அது பழக்கமாகிறது. பழக்கத்தை எதிர்க்காமல் விட்டால் அது கட்டாயமாகவே ஆகிவிடுகிறது.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். அந்த இரண்டாவது பதிவேட்டை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்? அன்றைக்கு யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னீர்களா? அதை நிரப்பப் பெயர்ப் பட்டியல் எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது கொடுத்தீர்களா? ஆடிட்டருக்கு டீ வாங்கி வைத்துவிட்டு மேனேஜர் பேனாவை நீட்டிய நிமிஷத்தில் உங்கள் சுயசித்தத்துக்கு மிச்சமிருந்த இடம் ஒரு முழம்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் அது ஒரு மைதானமாக இருந்தது. சுயசித்தத்தைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால், இடம் தாராளமாக இருக்கும்போதே பயன்படுத்துவது. பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது சிங்கக் கெபி என்றால், அது தானியேல் ஆறாம் அதிகாரம். முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே சிங்கம் இல்லை, சாப்பாடுதான் இருக்கிறது. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று அந்த இளைஞன் தன் இருதயத்தில் தீர்மானம் செய்கிறான். பிறகு பிரதானியிடம் போய்ப் பணிவாகப் பேசுகிறான். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு மாற்று வழியையும் வைக்கிறான். முதுமையில் கெபிக்குள் இறக்கப்பட்ட மனிதன், வாலிபத்தில் சாப்பாட்டு விஷயத்திலேயே நிற்கப் பழகியவன்.

உங்கள் விசுவாசமே பொய் என்று சொன்ன நண்பருக்கு லூக்கா 22-ஐ வாசித்துக் காட்டுங்கள். பேதுரு விழுவதற்கு முன்பே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி அவனுக்காக வேண்டிக்கொண்டதாக ஆண்டவர் சொல்கிறார். அதே மூச்சில், மூன்று தரம் மறுதலிப்பான் என்றும் சொல்கிறார். இரண்டும் நடந்தன. மறுதலித்தான், விசுவாசம் ஒழியவில்லை. காவலும் மரணமும் வந்தாலும் கூடவே வருவேன் என்று அவன் சொன்னதும் பொய்யில்லை, மனதாரச் சொன்னதுதான். உங்கள் கன்வென்ஷன் ஒப்புக்கொடுத்தலும் அப்படியே. அதைப் பொய் என்று நீங்களாக எழுதித் தள்ளிவிடாதீர்கள். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த முற்றத்தில். மற்றொன்று, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மீனும் அப்பமும் வைத்து அவனைக் கூப்பிட்ட இடத்தில். விழுந்த இடத்தை மறைத்துவிட்டு அவர் அவனைத் தூக்கவில்லை. அதே நெருப்பின் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று தரம் கேட்டார்.

கார்த்தேஜ் சபையும் கடைசியில் அப்படித்தான் செய்தது. கதவை அடைத்துவிட வேண்டும் என்றது ஒரு கூட்டம், எதையும் கேட்காமல் திறந்துவிட வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். 251-ல் ஆயர்கள் கூடி, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகக் கேட்டு, மனந்திரும்பக் காலம் கொடுத்து, திரும்பச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார்கள். நான் சொன்ன கால்தோனியுஸின் கடிதத்தில் பெலிக்ஸ், அவர் மனைவி விக்டோரியா, லூசியுஸ் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. முதல் தடவை பலியிட்டுவிட்டவர்கள். இரண்டாம் தடவை அதிகாரிகள் முன் நிறுத்தியபோது மறுத்து நின்றார்கள். சொத்து பறிபோனது, நாடு கடத்தப்பட்டார்கள். முதல் தடவை தோற்றவர்கள் இரண்டாம் தடவையும் தோற்பார்கள் என்று எந்த விதியும் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் தேவனிடமும், வாயைக் காக்கத் தெரிந்த ஒரு மூத்த விசுவாசியிடமும் அறிக்கையிடுங்கள். சபை நடுவே எழுந்து சாட்சி சொல்ல வேண்டாம், அது மற்றவர்களின் வேலைக்கும் ஆபத்தாகலாம். ஞாயிறு பள்ளியை விடுவதா தொடர்வதா என்பதைப் போதகர் சொல்லட்டும், நீங்களாகத் தண்டித்துக்கொள்ள வேண்டாம். சகேயு மனந்திரும்பியபோது கணக்கைத் திறந்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களின் நிஜமான மணி நேரம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ, அதன்படி கூலி போகிறதா என்று பார்ப்பது உங்கள் மேசையில் இருக்கும் வேலை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யுங்கள்.

ஆடிட் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மேனேஜரைத் தனியாகப் பார்த்து, அடுத்த முறை என்னால் போட முடியாது சார் என்று சொல்லிவிடுங்கள். தானியேலைப் போல மாற்று வழியோடு போங்கள். கூடுதல் நேர வேலை தெரியவந்தால் திருத்திக்கொள்ளப் பல பையர்கள் அவகாசம் கொடுக்கிறார்கள். பொய்ப் பதிவேடு பிடிபட்டால் ஆர்டரே போகலாம். எந்த மாதத்திலிருந்து ஒரே பதிவேடாக மாற்றலாம், ஞாயிறு வேலையை எப்படிக் குறைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கூடவே கடன் என்ற விலங்கையும் கொஞ்சம் தளர்த்துங்கள். சில மாதத் தவணைக்காவது பணம் ஒதுக்குங்கள், வேறு வேலைக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள். ஜெபத்துக்கும் இதற்கும் பகை இல்லை. சோதனையிலிருந்து தப்பிக்கொள்ளும் வழியை தேவன் உண்டாக்குவார் என்கிறார் பவுல். அந்த வழி சில சமயம் ஒரு வேலை விண்ணப்பமாகவும் இருக்கலாம்.

வேலை போகாது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். போனால் என்ன என்பதை உங்கள் சபையும் யோசிக்க வேண்டும். சிப்பிரியான் வேறோர் ஊர் ஆயருக்கு எழுதிய கடிதம் ஒன்று ஒரு நடிகனைப் பற்றியது. மேடையை விட்டு வந்த அவன், பிழைப்புக்காக நடிப்பைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். விட்டுவிடத்தான் வேண்டும் என்றார் சிப்பிரியான். அத்தோடு, அவனுக்குச் சாப்பாடு போடச் சபை கடமைப்பட்டிருக்கிறது, உங்கள் சபையால் முடியாவிட்டால் எங்களிடம் அனுப்புங்கள், உணவும் உடையும் நாங்கள் தருகிறோம் என்றும் அந்த ஆயருக்கு எழுதினார். உங்கள் போதகரைப் பார்க்கப் போகும்போது இந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்லுங்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்வரை என் வீட்டுத் தவணைக்குச் சபை கைகொடுக்குமா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.