வீட்டில் இருந்த நகல்

அமெரிக்காவில் பிக்சார் என்ற படக் கம்பெனி உள்ளது. பொம்மைகள் உயிர் பெற்றுப் பேசும் கதையை அது படமாக்கியது. அதன் இரண்டாம் பாகம் 'டாய் ஸ்டோரி 2'.

1998ஆம் ஆண்டு அந்தப் படம் கம்ப்யூட்டரில் தயாராகி வந்தது. ஒருநாள் யாரோ தவறான கட்டளை கொடுத்துவிட்டார். படத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எடுத்து வைத்த நகலும் சரியாக இல்லை. பலருடைய உழைப்பு வீணாகும் நிலை.

கேலின் சஸ்மேன் என்ற பெண் அங்கு வேலை செய்தார். அவருக்குக் கைக்குழந்தை. ஆகவே வீட்டிலிருந்தும் வேலை பார்த்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது! அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டு வந்தார்கள். வேலை தொடர்ந்தது. 1999இல் படம் வெளிவந்தது.

நகல் எடுத்தால் போதாது. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு இடத்திலும் ஒன்று வைக்க வேண்டும்.

சிந்திப்போம்: உங்கள் பட்டாவுக்கு நகல் உண்டா? அது எங்கே இருக்கிறது?