வீடியோ கேப்சர் கார்டு: மீட்டிங் ஹாலில் ஒரு சின்ன டப்பா



எங்க சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறார். போன வருஷம் அவங்க அனுப்பிய வார்ப்பு உதிரிபாகத்தில் விரிசல் என்று வெளியூர் கஸ்டமர் புகார் சொன்னார். அது விரிசல் இல்லை, வார்ப்பில் விழுந்த வெறும் கோடு என்பதை வீடியோ மீட்டிங்கில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மொத்த சரக்கும் திரும்பி வந்துவிடும். லேப்டாப் கேமராவிலோ எல்லாம் மங்கல். சித்தப்பாவின் மூக்கு மட்டும்தான் பெரிசா தெரிந்ததாம்!

ஆபீஸில் நல்ல கேமரா ஒன்று இருந்தது. அதை எச்.டி.எம்.ஐ. கேபிளில் லேப்டாப்போடு இணைத்தார்கள். ஒன்றுமே வரவில்லை. ஏன் தெரியுமா? சாதாரண லேப்டாப்பில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும், ஆனா அது வழியா தொட்டியை நிரப்ப முடியுமா? அதே கதைதான்.

இங்கேதான் கேப்சர் கார்டு வருகிறது. ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ. வழியாகப் படத்தை வாங்கி, மறுபக்கம் யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். கம்ப்யூட்டர் அதை ஒரு வெப்கேமரா என்றே நினைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. மீட்டிங் புரோகிராமில் கேமரா பெயரை மாற்றினால் போதும். முன்பெல்லாம் இது கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டை. அதனால்தான் கையடக்க டப்பாவுக்கும் கார்டு என்றே பெயர் நின்றுவிட்டது.

இப்போ ஒரு கணக்கு. ஒரு முழு எச்.டி. படத்தில் 1920 × 1080 = 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 30 படம். பெருக்கிப் பாருங்க, சுமார் 149 கோடி பிட்! யு.எஸ்.பி. 2.0 விநாடிக்கு அதிகபட்சம் 48 கோடி பிட்தான் தாங்கும். அதனால் மலிவான கார்டுகள் படத்தைச் சுருக்கி அனுப்பும், நுணுக்கம் கொஞ்சம் போகும். யு.எஸ்.பி. 3.0 என்றால் 500 கோடி. அதற்கென்று செய்த கார்டை அந்தத் துளையில் செருகினால் சுருக்காமலே அனுப்பலாம். சித்தப்பா முதலில் பழைய துளையில் செருகிவிட்டு "கார்டு டூப்ளிகேட்"னு கடைக்காரரைத் திட்டினாராம். பாவம் அவர்!

இன்னும் சில தொல்லைகள் உண்டு. கேமரா திரையில் தெரியும் பேட்டரி படம், எண்கள் எல்லாம் மீட்டிங்கிலும் தெரியும். கேமரா மெனுவில் அதை நிறுத்த வசதி இருக்கான்னு பார்த்து வாங்கணும். சில கேமராக்கள் கொஞ்ச நேரத்தில் தானா அணைந்துவிடும், அதையும் மெனுவிலேயே மாற்றணும். படம் கார்டு வழியா சுற்றி வருவதால் குரல் முதலில் வந்து, உதடு பின்னால் அசையும். மைக்கையும் கேமராவிலேயே இணைத்தால் இது சரியாகும். டி.டி.எச். பெட்டியை இணைத்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். காப்பி எடுக்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது, கார்டு கெட்டுப் போகவில்லை.

மீட்டிங் முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போடுவது எங்க சித்தப்பா பழக்கம். கேமரா ஓடிக்கொண்டிருந்ததை மறந்து டீ குடித்தபடி மேனேஜரைப் பற்றிப் பேசிய அனுபவம் அவருக்கு உண்டு!

சரி, அந்த விரிசல்? கேமராவைக் கிட்டே வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் காட்டினார்கள். ஐந்தில் நாலு வெறும் கோடு. ஒன்று நிஜமாகவே விரிசல். அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.

– 11ஆம் வகுப்பு மாணவன்